ஒருத்தருக்கும் வலிக்காத ஊர்

டில்டன் குரோவ் என்ற அமெரிக்க விவசாய ஊரில் யாராவது ஒரு விஷயத்தை "நடந்தது", "நடக்கலை" என்று மல்லுக்கட்டினால், கடைசியில் ஒருவர் சொல்வார்: "ஆர்லிஸ் எழுதி வச்சிருப்பா. போய்க் கேட்டுட்டு வா."

எழுத்தில் ஆர்லிஸ் பெரண்ட்ஸ் வாங்கியிருந்த பேர் அப்படி. கல்யாணமான புதிதில் லூதரன் தேவாலயத்தின் கூட்டங்களுக்குக் குறிப்பெடுக்கும் வேலை அவள் தலையில் விழுந்தது. குளிருக்குக் கட்டடத்தைச் சூடாக்கப் புதுக் கொதிகலன் வாங்கலாமா வேண்டாமா என்று பெரியவர்கள் ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசித் தீர்த்தார்கள். அதை அவள் எழுதிக் கொடுத்தபோது நடுவில் ஒரு வரி இருந்தது: 'இந்த இடத்தில் பாதிரியார் கொட்டாவி விட்டார்.'

"இதை எடுத்துடேன் ஆர்லிஸ்," என்றார் பாதிரியார்.

"விட்டீங்களா இல்லையா?"

"விட்டேன்."

"அப்ப இருக்கட்டும்."

அந்த வரி இன்றும் தேவாலய அலமாரியில் இருக்கிறது.

டாக்டர் கேலன் வாஸ் ஊருக்கு வந்து, மூடிக் கிடந்த பழைய வங்கிக் கட்டடத்தை வாங்கி, 'கைரோபிராக்டர்' என்று பலகை மாட்டியபோது, வரவேற்பு மேசைக்கு ஆள் தேடினார். முதுகைத் தொட்டுப் பார்த்து, ஒரு திருப்புத் திருப்பி, 'படக்' என்று சொடக்கெடுத்து எலும்பை நேராக்குவது அவர் கையில் இருந்தது. வருகிறவர் சொல்வதை எழுதி வைப்பதும், அதை வைத்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு பில் அனுப்பி, கம்பெனி ஆயிரம் கேள்வி கேட்டால் பதில் சொல்லி வாங்குவதும் இன்னொருத்தர் கையில் இருக்க வேண்டியிருந்தது. ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பேரைத்தான் சொன்னார்கள்.

அந்த வேலை ஆர்லிஸுக்குப் பிடித்துப் போயிற்று. ஒரு காலத்தில் ஊராரின் பணம் தூங்கிய இரும்பு அறையில் இப்போது ஊராரின் முதுகெலும்புகள், ஃபைல் ஃபைலாக, பெயர் வரிசையில் தூங்கின. சாவி அவள் கழுத்தில். இந்த ஊரில் யார் வீட்டு நாய்க்குக் கால் பிசகினாலும் மதியத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஆனால் ஆர்லிஸின் மேசையைத் தாண்டி ஒரு முழங்கால்கூட வெளியே போனதில்லை. சின்ன அறைக்குக் கூட்டிப்போய், கதவைச் சாத்தி, வெளியே ரேடியோவைச் சத்தமாக வைத்த பிறகுதான் "எப்படி இருக்கு?" என்றே கேட்பாள். சோளத்தின் விலையும் பன்றியின் விலையும் ரேடியோவில் ஓடிக்கொண்டிருக்க, உள்ளே அவள் பேனா ஓடும். என்ன சொல்கிறார்களோ அது. ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது.

வம்பு அதிலேயே இருந்தது என்பது ஒரு மார்ச் மாதத்தில்தான் தெரிந்தது.

ஊரில் பாதிக் குடும்பங்களுக்கு ஒரே கம்பெனியின் இன்சூரன்ஸ். அந்தக் கம்பெனி சில ஃபைல்களைக் கேட்டு வாங்கியிருந்தது. பிறகு அரிசோனாவிலிருந்து ரெனாட்டா சலீனாஸ் என்று ஒரு பெண்மணி போன் செய்தாள். அவளும் கைரோபிராக்டராக இருந்தவள்தான். இப்போது கம்பெனிக்காக மற்றவர்களின் ஃபைல்களைப் படிக்கிறவள். டாக்டர் ஒலிபெருக்கியை அழுத்தினார். ஆர்லிஸ் பேனாவோடு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எழுத்து ரொம்ப சுத்தமா இருக்குங்க," என்றாள் ரெனாட்டா. "தேதி, கையெழுத்து எல்லாம் சரி. ஆனா ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க."

"கேளுங்க."

"உங்க ஊர்ல ஒருத்தருக்குமே வலிக்கலையே. 'பரவாயில்லை', 'மோசமில்லை', 'குறை சொல்ல ஒண்ணுமில்லை'. வலி எவ்வளவுன்னா, பத்துக்கு ரெண்டு, பத்துக்கு ஒண்ணு. இவர் ஒருத்தர் அரைன்னு சொல்லியிருக்காரு! அப்புறம் எதுக்குங்க இவ்வளவு பேர் வர்றாங்க?"

ஆர்லிஸ் அந்தக் கேள்வியையும் அப்படியே எழுதிக்கொண்டாள்.

"வைத்தியம் தேவைப்பட்டுதுன்னு ஃபைல்ல இருந்தாத்தான் எங்களால பணம் குடுக்க முடியும்," என்றாள் ரெனாட்டா. "அறுவடைக் காலம் வரைக்கும் உங்க ஃபைல்களைப் பார்த்துட்டே இருப்போம். அப்பவும் இப்படியே இருந்தா, புது வருஷத்துலேர்ந்து உங்க கிளினிக் நாங்க பணம் குடுக்கற பட்டியல்ல இருக்காது. எனக்கு வேற வழி இல்லைங்க."

போன் வைத்தாயிற்று. ஆர்லிஸ் எழுந்து இரும்பு அறைக்குள் போனாள். பட்டியலில் இல்லை என்றால் என்ன நடக்கும் என்று அவளுக்குக் கண்ணாடி மாதிரி தெரிந்தது. அடுத்த கைரோபிராக்டர் முக்கால் மணி நேர ஓட்டத்தில் இருந்தார். விதைப்பை விட்டுவிட்டு எந்த விவசாயி அவ்வளவு தூரம் போவான்? "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு முதுகைப் பிடித்துக்கொண்டு வீட்டிலேயே கிடப்பான். கிளினிக்கும் பாதி ஆட்களோடு எத்தனை நாள் ஓடும்? இத்தனைக்கும் காரணம் தன் பேனா. உள்ளதை உள்ளபடி எழுதுகிறவள் என்று ஊர் மெச்சிய பேனா.

திரும்பி வந்தவள் டாக்டர் மேசையில் கையை ஊன்றினாள்.

"டெல்மர் யான்சன் 'ரெண்டு'ன்னா அது ஏழு. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இனிமே நான் ஏழுன்னே எழுதிடறேன்."

"அவன் ஏழுன்னு சொன்னானா?"

"சொன்னா அவன் டெல்மரே இல்லையே!"

"அப்ப எழுதக் கூடாது ஆர்லிஸ். அவன் வாயில வராததை நாம எழுதினா அது ஃபைல் இல்ல, கதை." டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீயா இதைச் சொல்றே? பாதிரியாரோட கொட்டாவியையே அடிக்க மாட்டேன்னவ!"

"கொட்டாவி வெளிய தெரிஞ்சுது. இவனுங்க வலி வெளிய தெரியலையே, நான் என்ன பண்ண?"

"பழைய ஃபைல் எதையும் தொடவேண்டாம். தேதி போட்டது போட்டதுதான். இனிமே என்ன செய்யலாம்னு யோசிப்போம்."

யோசித்தார்கள். ஆர்லிஸ் கேள்வியை மாற்றிப் பார்த்தாள். "ரொம்ப வலிக்குதா?" என்றாள், "என்னைவிட மோசமானவங்க இருக்காங்க" என்றார்கள். சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம் வரை படம் போட்ட அட்டையைக் காட்டினாள். எல்லாரும் சிரிக்கிற முகத்துக்கு அடுத்ததைத் தொட்டார்கள், அழுகிற முகத்தைப் பார்த்து "பாவம், இவனுக்கு என்ன?" என்றார்கள்.

ஏப்ரலில் மண் காய்ந்து, விதைப்பு தொடங்கிய வாரத்தில் டெல்மர் வந்தான். அவனும் ஆர்லிஸும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். இந்தத் தடவை கூடவே அவன் மனைவி வெர்லாவும் வந்திருந்தாள்.

"வெர்லா உள்ள வரலாமா, டெல்மர்? உன் விஷயம், நீதான் சொல்லணும்."

"வேண்டாம்னா மட்டும் விட்ருவாளா? வரட்டும்."

கதவு சாத்தியாயிற்று. ரேடியோவில் பன்றி விலை ஏறிக்கொண்டிருந்தது.

"எப்படி இருக்கு?"

"பரவாயில்லை."

"பத்துக்கு எவ்வளவு?"

"ரெண்டு இருக்கும். இல்ல, ஒண்ணுன்னே போடு. இன்னிக்கு வெயில் நல்லா அடிக்குது."

வெர்லா கைப்பையை மடியில் 'டொப்'பென்று வைத்தாள். "ஒண்ணா? ஏய் மனுஷா, தேவாலயத்துல உக்காந்து பாட்டுப் பாடற வாயா இது? ஆர்லிஸ், இவரு ஒரு வாரமா சாய்வு நாற்காலியிலதான் தூங்கறாரு. கட்டில்ல படுத்தா எழுந்திரிக்க முடியல. காலையில சாக்ஸ் யாரு மாட்டி விடறான்னு கேளு!"

"சாக்ஸ் துவைச்சு சுருங்கிப்போச்சு," என்றான் டெல்மர் சுவரைப் பார்த்துக்கொண்டு.

"எல்லா சாக்ஸுமா?"

"மெஷின் சரியில்ல."

"அப்ப டிராக்டர்லேர்ந்து இறங்கறதுக்கு முன்னாடி ஹாரன் அடிக்கிறியே, அதுவும் மெஷின் கோளாறா? ஆர்லிஸ், ஹாரன் சத்தம் கேட்டா நான் அடுப்பை அணைச்சுட்டு ஓடணும். போய்த் தோள் குடுத்தாத்தான் தொரை கீழ இறங்குவாரு."

"உன்னைப் பாக்கணும் போல இருக்கும், அதான் அடிக்கறேன்."

"இத்தனை வருஷமா இல்லாத ஆசை!"

ஆர்லிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினாள்: 'காலுறையை மனைவி மாட்டிவிடுகிறார் என்று மனைவி சொல்கிறார். நோயாளி மறுக்கவில்லை. சுருங்கிவிட்டது, மெஷின் சரியில்லை என்கிறார்.' எழுதிய கை அப்படியே நின்றது. வெர்லா சொன்னது எல்லாம் வலியைப் பற்றியே இல்லை. வேலையைப் பற்றி.

"டெல்மர், வலியை விடு. இந்த வாரம் செய்யணும்னு நெனச்சு, செய்யாம விட்ட வேலை என்னென்ன?"

அவ்வளவுதான். மதகு திறந்தது மாதிரி ஆகிவிட்டது. "அதை ஏன் கேக்கறே! கன்னுக்குட்டிக் கொட்டகைக் கதவு ஒத்தக் கீல்ல தொங்குது. விதை மூட்டையைத் தூக்கிப் பெட்டியில கொட்ட பக்கத்துப் பண்ணைக்காரன்கிட்டப் போய் நின்னேன், அவமானம்! வேலிக் கம்பி தளர்ந்து கெடக்கு, குனிஞ்சு முறுக்க முடியல. டிராக்டர்ல ஒரு மூலை உழுறதுக்குள்ள ரெண்டு தடவை நிறுத்தி நிமிர வேண்டியிருக்கு. இந்த லட்சணத்துல போனா மழைக்கு முன்னாடி கீழ்க்காட்டை விதைச்ச மாதிரிதான்!"

இந்த ஊரில் வலிக்கிறது என்று சொன்னால் நாக்கு வெந்துவிடும். ஆனால் வேலை நின்றுபோனால் வாய்விட்டுப் புலம்ப எல்லாருக்கும் உரிமை உண்டு. பிறந்ததிலிருந்து இதே ஊரில் இருக்கிறவளுக்கு இது இத்தனை நாள் உறைக்கவில்லையே என்று ஆர்லிஸுக்கே வெட்கமாக இருந்தது. இன்னொரு தாளை எடுத்து எழுதிக்கொண்டே போனாள்.

டாக்டர் அந்தத் தாளைப் படித்தார். டெல்மரைக் குனியச் சொன்னார், திரும்பச் சொன்னார், எங்கே தடைபடுகிறது என்று அளந்து அதன் கீழேயே குறித்தார். வைத்தியத்தின் இலக்கு என்று இருந்த இடத்தில், எப்போதும் எழுதுகிற 'வலி குறைய வேண்டும்' என்பதை விட்டுவிட்டு, 'காலுறையைத் தானே மாட்ட வேண்டும். ஹாரன் அடிக்காமல் டிராக்டரிலிருந்து இறங்க வேண்டும்' என்று எழுதினார்.

அந்த இலக்கைப் படித்துக் காட்டியதும் டெல்மர், "இது ரேடியோவுல வராதே?" என்றான்.

கீழ்க்காட்டில் சோளம் முளைவிட்டபோது வெர்லா வந்து சொன்னாள்: "இப்ப ஹாரனே அடிக்கறதில்ல ஆர்லிஸ். வீடே வெறிச்சுனு இருக்கு." அதுவும் ஃபைலில் ஏறியது.

அப்புறம் ஆர்லிஸுக்குத் தினமும் திருவிழாதான். செய்யாமல் விட்ட வேலை என்ன என்று கேட்கக் கேட்க, ஊரின் இடுப்பும் கழுத்தும் தாமாகவே வாய் திறந்தன. பள்ளிச் சமையல்காரி ஒருத்தி, பெரிய சட்டியை அடுப்பிலிருந்து இறக்க முடியாததால் பிள்ளைகளுக்கு இரண்டு வாரமாக சாண்ட்விச்தான் என்றாள். தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர், கழுத்து இடதுபக்கம் திரும்பாததால் பாதிரியார் ஜாடை காட்டுவது தெரியாமல் பாட்டை நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே போனதாக ஒப்புக்கொண்டார். போன ஞாயிறு ஒரே பாட்டை ஏன் அத்தனை தடவை பாடினோம் என்பது ஆர்லிஸுக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்ததை வெளியே சொல்ல முடியாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

இந்த நல்ல காலத்தில்தான் டெல்மர் ஒரு காரியம் செய்தான். தானியக் கிடங்கில் காலைக் காபி குடிக்கிற கூட்டத்தில், தன் சாக்ஸ் கதையைத் தானே சொல்லிவிட்டான். அவன் கதை, அவன் இஷ்டம். ஆர்லிஸ் தடுக்க முடியாது. ஆனால் கூடவே, டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை வைத்து, "நமக்கு வலிக்கலைன்னா கிளினிக்கை மூடிடுவாங்களாம்ப்பா" என்று ஒரு போடு போட்டான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஆர்லிஸ் கதவைத் திறந்தபோது வாசலில் ஒரு பெரிய கூட்டம் நொண்டிக்கொண்டு நின்றது. போன வாரம் பந்தை உருட்டிக் கட்டை சாய்க்கும் போட்டியில் கோப்பை வாங்கியவர் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்திருந்தார். ஒருவர் கைத்தடியைத் தலைகீழாக ஊன்றியிருந்தார். எல்லாருக்கும் முன்னால் ஆர்வில் ஜேடன். எண்பதைத் தாண்டியும் அசராத மனிதர். கையில், ருபார்ப் என்ற புளிப்புத் தண்டை வைத்துத் தானே சுட்ட 'பை' பலகாரம் ஒன்றைத் தட்டோடு ஏந்தியிருந்தார்.

"பத்து, பொண்ணே!" என்றார் வாயெல்லாம் பல்லாக. "பதினொண்ணுன்னு போட முடியுமா?"

"எனக்கும் பத்து!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"எனக்குப் பத்து, என் வீட்டுக்காரிக்கும் பத்து. அவ வரல, மாவு பிசையறா."

ஆர்லிஸுக்கு முதலில் பாசம் பொங்கியது. 'வலி' என்ற சொல்லையே வாயில் போடாத மனிதர்கள், தனக்காக வெட்கத்தை விட்டு வந்து நொண்டுகிறார்கள். அடுத்த கணமே கோபம் வந்தது. படிமேல் ஏறி நின்றாள்.

"எல்லாரும் மொதல்ல நேரா நில்லுங்க!"

அத்தனை முதுகும் சட்டென்று நிமிர்ந்தது. ஒன்றிலும் ஒரு கோணல் இல்லை.

"பார்த்தீங்களா? டாக்டர் கையே வைக்கல, எல்லாரும் குணமாயிட்டீங்க! உங்க மனசு எனக்குப் புரியுது. ஆனா பொய் எழுதித்தான் இந்தக் கதவைத் திறந்து வைக்கணும்னா, நானே பூட்டிச் சாவியைக் கிணத்துல போட்டுடுவேன். நெஜமா வேலை நிக்குதுன்னா மட்டும் உள்ள வாங்க. மத்தவங்க வீட்டுக்குப் போங்க. பை இங்க இருக்கட்டும்."

கூட்டம் அசடு வழிந்துகொண்டே கலைந்தது. கைத்தடிக்காரர் தடியைத் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார். ஆர்வில் மட்டும் போகவில்லை. அவருக்கு அன்றைக்கு முறை இருந்தது. சின்ன அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஆர்லிஸ் கேட்டாள்:

"இந்த வாரம் செய்யாம விட்ட வேலை என்ன, ஆர்வில்?"

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "ஒண்ணும் இல்ல. காலையில படகைக்கூட நானேதான் வண்டியில ஏத்தினேன்."

"அப்புறம் எதுக்கு வர்றீங்க?"

"செவ்வாய்க்கிழமையாச்சே," என்றார் ஆர்வில், இதிலென்ன கேள்வி என்பது போல. "செவ்வாய்க்கிழமைன்னா நான் இங்கதானே வருவேன். டாக்டர் படக்குனு ஒண்ணு எடுப்பாரு, உன்கூட ரெண்டு வார்த்தை பேசுவேன்."

பனிக்காலத்தில் வழுக்கி விழுந்து அவர் வந்தபோது தேவை உண்மையாகவே இருந்தது. கம்பெனிக்கு பில் போனது. இப்போது இல்லை. ஆர்லிஸ் டாக்டரைக் கூப்பிட்டாள். இருவரும் பேசினார்கள். அன்றைய தேதியில் அவள் எழுதினாள்: 'படகை வண்டியில் ஏற்றுவது உட்பட எல்லா வேலையும் தானே செய்கிறார். வைத்தியத் தேவை முடிந்தது. விருப்பத்தின்பேரில் வருகிறார். கம்பெனிக்கு பில் இல்லை.'

"இனிமே உங்க கையிலேர்ந்துதான் குடுக்கணும் ஆர்வில். வேண்டாம்னா நிறுத்திக்கலாம்."

"பிங்கோ ஆட்டத்துல தோக்கறதுக்குக் குடுக்கறேன், இதுக்குக் குடுக்க மாட்டேனா? ஆனா ரெண்டு வார்த்தையை மூணாக்கணும்."

ஆர்வில் ஒருவர் இல்லை. அந்தக் கோடையில் இப்படி இன்னும் சிலர் ஃபைலில் ஆர்லிஸ் அதே வரியை எழுத வேண்டியிருந்தது. பில்கள் குறைந்தன. டாக்டர் ஒருநாள் தலையைச் சொறிந்தார். ஆனால் அந்த வரியை அடிக்கச் சொல்லவில்லை.

அக்டோபரில், வயலெல்லாம் அறுவடை இயந்திரங்கள் தூசி கிளப்பிக்கொண்டிருந்த மதியத்தில், ரெனாட்டா சலீனாஸ் போன் செய்தாள். டாக்டர் கதவைச் சாத்தினார். ஆர்லிஸ் பேனாவை எடுத்தாள்.

"மொதல்ல ஒண்ணு சொல்லுங்க," என்றாள் ரெனாட்டா. "அந்த சாக்ஸ் என்னாச்சு?"

ஆர்லிஸ் விழித்தாள். "இப்ப அவரே மாட்டிக்கறாருங்க."

"மெஷின் சரியாயிடுச்சா?" போனுக்கு அந்தப் பக்கம் ரெனாட்டா சிரிக்கிற சத்தம் வந்தது. "மதிய சாப்பாட்டு நேரத்துல உங்க ஃபைலைப் படிச்சேன், காபியை மேசையில கொட்டிட்டேன். யாருக்கு என்ன முடியல, எப்ப முடிஞ்சுது, எல்லாம் கண்ணு முன்னாடி நடக்கற மாதிரி இருக்கு. ஆனா என்னை நம்ப வச்சது வேற ஃபைல். படகுக்காரர். நானும் எத்தனையோ கிளினிக் பார்த்திருக்கேன். 'தேவை முடிந்தது, பில் இல்லை'ன்னு தானாவே எழுதி வச்சதை இப்பத்தான் பாக்கறேன். அதைப் படிச்சதும், மத்த ஃபைல்ல இருக்கறதும் நெஜம்னு தெரிஞ்சுபோச்சு."

"அப்ப...?" என்றார் டாக்டர்.

"அப்ப என்ன? பட்டியல்ல நீங்க இருக்கீங்க. இனிமே ஒவ்வொரு ஃபைலா பாக்கவும் மாட்டோம். கொஞ்சம் வருத்தம்தான், படிக்க நல்லா இருந்துது."

அறுவடை முடிந்த சனிக்கிழமை, பழைய வங்கிக் கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு ஊர் ஒன்றுகூடியது. பெரிய சட்டியில் சூப், பன்றி இறைச்சி வைத்த ரொட்டி, மேசை கொள்ளாத இனிப்புகள். ஆர்வில் இரண்டு ருபார்ப் பை கொண்டுவந்தார். டெல்மர் பேன்ட்டைத் தூக்கி, தானே மாட்டிய சாக்ஸைக் கேட்டவர் கேட்காதவர் எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தான்.

"போதும், இறக்கு," என்றாள் வெர்லா. "ஒண்ணு கறுப்பு, ஒண்ணு நீலம்."

கூட்டம் கலைந்து, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஆர்லிஸின் கணவன் மெர்வின் இரும்பு அறைப் பக்கம் எட்டிப் பார்த்தான். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன், அதிகம் பேசாதவன்.

"ஏன் ஆர்லிஸ், மேலடுக்கு பூரா காலியா கெடக்கு? எல்லா ஃபைலையும் கீழேயே திணிச்சிருக்கே?"

"கீழ இருந்தா எடுக்க வசதி."

டாக்டர் வாஸ் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தார். "ஆர்லிஸ், உன் தோள் எப்படி இருக்கு?"

"பரவாயில்லை."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்ன என்று அவளுக்கே உறைத்தது. கூடத்தில் மிச்சம் இருந்த அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

"வீட்டுலயும் காபி டப்பா கீழ் அலமாரிக்கு வந்துடுச்சு," என்றான் மெர்வின் நிதானமாக. "தலை சீவறப்ப சீப்பை அசைக்காம தலையைத்தான் அசைக்கறா. கோட்டு மாட்டறப்ப நான் கையைப் புடிச்சு..."

"மெர்வின்! எல்லாரும் இருக்காங்க!"

"கதவைச் சாத்திட்டுக் கேப்போம்," என்றார் டாக்டர். "மெர்வின் உள்ள வரலாமா? உன் விஷயம், நீதான் சொல்லணும்."

ஆர்லிஸ் சுற்றிப் பார்த்தாள். வெர்லா இடுப்பில் கைவைத்து நின்றாள். ஆர்வில் ரேடியோவின் பக்கத்தில் போய்ச் சத்தத்தைக் கூட்டத் தயாராக நின்றார்.

"வேண்டாம்னா மட்டும் விட்ருவானா?" என்றாள் அவள். "வரட்டும்."

சின்ன அறையில் டாக்டர் புது ஃபைல் ஒன்றைப் பிரித்து, அன்றைய தேதியைப் போட்டார். ஆர்லிஸ் நோயாளியின் நாற்காலியில் உட்கார்ந்து, எட்டி எட்டி அவர் எழுதுவதைப் பார்த்தாள்.

"நான் சொல்றதை அப்படியே எழுதணும், டாக்டர். ஒரு வார்த்தை அதிகமாவும் கூடாது, குறையவும் கூடாது."

"எழுதறேன். இந்த வாரம் செய்யாம விட்ட வேலை என்ன?"

ஆர்லிஸ் பெருமூச்சு விட்டாள். பிறகு ஆரம்பித்தாள். டாக்டர் இரண்டாவது தாளை எடுக்க வேண்டியிருந்தது.